கோணலாக நிற்கும் ஸ்பீக்கர்கள்

இந்த வாட்ஸ்அப் குழுவில் இதுவரை நான் ஒரு வரிகூட எழுதியதில்லை. நீங்கள் நாச்சிமுத்து அண்ணனோடு ஞாயிறுதோறும் உட்கார்ந்து பாட்டுக் கேட்டவர்கள். நான் ஆடியோ கடையிலிருந்து வந்து அவருக்கு ஸ்பீக்கர்களை நிறுத்திக் கொடுத்தவள். எழுதத் துணிந்ததற்கு மன்னியுங்கள்.

உக்கடத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது செய்தி வந்தது. "அண்ணன் காலைல போயிட்டாருங்க." குளத்துக் காற்றில் அப்படியே நின்றேன், நான் ஏற வேண்டிய பஸ் போய்விட்டது. காரியம் முடிந்த பிறகு இந்தக் குழுவில் இன்னொரு செய்தி. வரும் ஞாயிறு அவர் வீட்டில் கூடிப் பாட்டுக் கேட்பது, அதற்கு முன் "கடைப் பொண்ணு கோணலா வெச்சுட்டுப் போன ஸ்பீக்கர்களை" நேராக்குவது. அதனால்தான் எழுதுகிறேன்.

கிணத்துக்கடவு வீட்டுக்கு முதன்முதலாகப் போனபோது அறையின் எதிரொலியை அறியக் கையை ஒருமுறை தட்டினேன். வலப்பக்கத்துப் பெரிய கண்ணாடி ஜன்னல் அதைச் சில்லென்று திருப்பித் தந்தது. அவர் மனைவி மயிலாத்தா அம்மா, "யாருங்க கூப்பிட்டது?" என்று சமையலறையிலிருந்து ஓடி வந்தார். சுவரிலிருந்து ஸ்பீக்கர்களைத் தள்ளி வைத்தேன். பேஸ் என்கிற தாழ்ந்த ஒலியின் குமுறல் அடங்கியது. இரண்டு ஸ்பீக்கர்களும் நாற்காலியும் சமமுக்கோணமாக அமைந்தன.

"எப்படி இருக்குதுங்கண்ணா?"

"நல்லா இருக்குதுங்க அம்மணி."

அடுத்த மாதமே போன் வந்தது. "நல்லாத்தான் இருக்குதுங்க. சும்மா ஒருக்கா வந்து பாருங்க." இப்படி நான்கு முறை போனேன். நம் பக்கத்தில் யார் வேலையையும் முகத்துக்கு நேராகக் குறை சொல்ல மாட்டார்கள். இங்கேயே பிறந்த எனக்கு அது புரிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் காலேஜுக்குப் போனவள் நான். பெரியவர்களிடம் கேள்வி கேட்க மட்டும் இன்னும் கூச்சம் போகவில்லை.

நான்காம் முறை, மயிலாத்தா அம்மா மோர் கொண்டுவந்து அவருடைய இடப்பக்கம் நின்று, "புள்ளைய இன்னும் எத்தனை தடவை அலைய உடுவீங்க?" என்று அதட்டினார். அவர் கண்மூடிச் சிரித்தபடியே இருந்தார்.

"இந்தப் பக்கத்துக் காது தறிச் சத்தத்துல எப்பவோ போயிருச்சு கண்ணு," என்று அம்மா என்னிடம் சொன்னார். "நெசமா வையறதுன்னா அந்தப் பக்கம் போயித்தான் வைவேன்."

அவர் கண்ணைத் திறந்து, நாங்கள் சிரிப்பதையும் அம்மா இடப்பக்கம் நிற்பதையும் பார்த்தார். "ஓ! ஊடு ஏன் இத்தனை அமைதியா இருக்குதுன்னு இப்பத்தானுங்க தெரியுது."

நான் வைத்த முக்கோணம் இரண்டு காதுக்காரர்களுக்கானது. இடது ஸ்பீக்கரின் மெல்லிய ஒலிகளை அவர் தலையே மறைத்தது. கண்ணாடியில் பட்டுச் சிதறியதெல்லாம் நேராக நல்ல காதில் விழுந்தது. அன்று மாலை எல்லாவற்றையும் கலைத்தோம். வலக்காது ஸ்பீக்கர்களைப் பார்க்கும்படி நாற்காலியைச் சற்று இடப்பக்கம் திருப்பினேன். மயிலாத்தா அம்மா ஜன்னல் ஓரமாக முகக்கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போனார். நாற்காலியிலிருந்து பார்த்து, கண்ணாடிக்குள் ஸ்பீக்கர் தெரிகிறது என்று அண்ணன் சொன்ன இடத்தில்தான் ஒலி பட்டுத் திரும்பும்; அங்கே பவானி ஜமக்காளத்தை இரண்டாக மடித்துத் தொங்கவிட்டோம். பிறகு இடது ஸ்பீக்கரை மெல்ல மெல்ல உள்ளே நகர்த்தினேன்.

"இன்னும் ஒரு விரக்கடை. இன்னும் கொஞ்சம். இருங்க..."

தென்னை நிழல் ஜமக்காளத்தின் வரிகளில் அசைந்துகொண்டிருந்தது. அறையே எங்கோ மிதந்து போவதுபோல இருந்தது.

"புல்லாங்குழல் வெளிய வந்துருச்சுங்க. எந்தப் பக்கம்னு சொல்லத் தெரியலீங்க. ஆனா ஒண்ணு மேல ஒண்ணு உழாம நிக்குது."

நல்லா இருக்குதுங்க என்று அன்று அவர் சொல்லவில்லை. பாட்டு முடிந்தும் கண்ணைத் திறக்கவில்லை.

கிளம்பும்போது, "நம்ம பசங்ககிட்டச் சொல்லிப்போடாதீங்க. ஒத்தக் காதுக்காரன் பாட்டுக்கு ஞாயம் பேசறான்னு சிரிப்பானுங்க" என்றார். நீங்கள் என்னைக் குறை சொன்னபோதெல்லாம் அதனால்தான் பேசாமல் இருந்தேன். நேற்று மயிலாத்தா அம்மாவிடம் கேட்டேன். "எழுதிப்போடு கண்ணு. இனி யாரு சிரிச்சு அவருக்கென்ன ஆகப்போவுது" என்றார்.

இப்போது எந்த வீட்டிலும் "நல்லா இருக்குதுங்க" என்று சொன்னவுடன் நான் அளவு டேப்பைச் சுருட்டுவதில்லை. உட்கார்ந்து, இன்னொரு முறை கேட்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அதுதான்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஸ்பீக்கர்களைத் தொடுவதற்கு முன், ஒவ்வொருவராக அவர் நாற்காலியில் உட்காருங்கள். இடது காதைப் பொத்திக்கொண்டு ஒரு பாட்டை முழுதாகக் கேளுங்கள். அதற்குப் பிறகும் நேராக்கத் தோன்றினால், நானே வந்து நேராக்கித் தருகிறேன்.