அணிலின் நான்கு விநாடிகள்

நாங்கள் 'கரடி ஒர்க்‌ஷாப்' என்று சொல்லிவந்த கார்ட்டூன் தொடரைப் புதிதாக எடுத்து மறுபடி போடப்போகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு நோட்டு வாங்கினேன். ஞாயிறு காலையில் என் மகளோடு உட்கார்ந்து பார்ப்பது, பார்த்ததை எழுதுவது என்று முடிவு. எனக்கு நாற்பத்தேழு வயது, அவளுக்கு எட்டு. ஓசூரில் ஒரு தொழிற்சாலையில், வெளியிலிருந்து வரும் உதிரி பாகங்களைச் சோதித்து எடுப்பது என் வேலை. ஆகவே நோட்டிலும் அதே கட்டங்களைப் போட்டேன்: எந்த நிமிடம், என்ன குறை, திருத்தலாமா அல்லது ரிஜெக்ட்டா.

பழைய தொடரை நான் சிறு வயதில் பார்க்கவில்லை. சிங்காரப்பேட்டையிலிருந்து வேலைக்கு வந்த புதிதில் அப்ரண்டிஸ்கள் நான்கு பேர் ஒரே அறையில் இருந்தோம். மூன்றாம் ஷிப்டு முடிந்து காலையில் மெஸ்ஸில் டிபனுக்கு உட்காரும்போது டிவியில் அது ஓடும். தொப்பை வைத்த கரடி, எதற்கெடுத்தாலும் சலித்துக்கொள்ளும் முள்ளம்பன்றி, திக்கித் திக்கிப் பேசும் அணில். மூன்றும் சேர்ந்து ஒரு ஒர்க்‌ஷாப் நடத்தும். வாரம் ஒரு வண்டி ரிப்பேருக்கு வரும். வண்டிக்கு அடியில் படுத்த கரடி எண்ணெய்க் கறையோடுதான் வெளியே வரும். நட்டை எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்பது அதை வரைந்தவனுக்குத் தெரிந்திருந்தது.

அணில் வாயைத் திறந்தால் எங்களுக்குள் போட்டி. அது "ச... ச..." என்று ஆரம்பிக்கும்.

"சங்கிலி!"

"சக்கரம்!"

"சட்னிடா! பாவம், அதுக்கும் பசிக்குது!"

டிவிக்குள் முள்ளம்பன்றியும் ஒரு வார்த்தையை எடுத்துக் கொடுக்கும். பின்னால் சிரிப்புச் சத்தம் கேட்கும். அணில் தலையாட்டிவிட்டு ஓடிவிடும். சரியாகச் சொன்னவனுக்குத் தட்டில் மிச்சமிருக்கும் கடைசி வடை. நான்கு பேரில் அதிக வடை தின்றவன் நான்.

புதிய தொடரின் முதல் பகுதியிலேயே பன்னிரண்டு குறைகள் எழுதினேன். கரடிக்குத் தொப்பை இல்லை. ஜிம்முக்குப் போய்வந்த கரடி. எல்லோருக்கும் கண்கள் பஸ் ஹெட்லைட் அளவு. ஒர்க்‌ஷாப் தரையில் இலை போடாமலே சோறு பரிமாறலாம், ஒரு சொட்டு எண்ணெய் கிடையாது. வண்டிக்கு அடியில் யாரும் படுப்பதில்லை. ஒரு திரையைத் தொட்டால் கோளாறு என்னவென்று அதுவே சொல்லிவிடுகிறது, உடனே எல்லோரும் ஆடுகிறார்கள். மூன்றாவது பகுதியில் கரடி சக்கரத்து நட்டை இடப்பக்கமாகத் திருப்பி இறுக்கியது. அந்த வண்டி பக்கத்திலிருக்கும் ஜூஜுவாடியைத் தாண்டுவதற்குள் சக்கரம் தனியாக ஓடும். ரிஜெக்ட்.

தமிழ் இன்னும் கேவலம். முள்ளம்பன்றி ஒரு ஸ்பேனரைப் பார்த்து, "ஓ, நான் இதை மிகவும் நேசிக்கிறேன் நண்பர்களே!" என்கிறது. ஸ்பேனரை நேசிக்கிற மெக்கானிக்கை இருபத்தாறு வருடத்தில் நான் பார்த்ததில்லை. "நம்மால் முடியும்!" என்று பகுதிக்கு ஐந்து தடவை கத்துகிறார்கள். முடித்துவிட்டுக் கத்தினாலாவது கேட்கலாம். கடைசியில் கட்டிப்பிடித்துக்கொண்டு, இன்றைக்கு என்ன கற்றுக்கொண்டோம் என்று வகுப்பு எடுக்கிறார்கள். பழைய கரடி கையைக் கழுவிவிட்டு டீ குடிக்கும், அத்தோடு முடிந்தது. புதியதில் மழையை மட்டும் நன்றாக வரைந்திருந்தார்கள். அது தகரக் கூரையில் விழும் சத்தமும் சரியாக இருந்தது. அதையும் எழுதிவைத்தேன்.

"குழந்தைங்க பாக்கறதுக்கு எடுத்தாங்க, கம்பெனி ஆடிட்டுக்கு எடுக்கல. எழுந்து வந்து இந்த மிக்சி ஜார மாட்டுங்க" என்றாள் மனைவி, சமையலறையிலிருந்து.

மகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு பார்ப்பாள். அவளுக்கும் திக்கும். மனைவி தேன்கனிக்கோட்டைப் பக்கம் என்பதால் அம்மாவோடு தெலுங்கு, என்னோடு தமிழ், பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு கன்னடம், பள்ளியில் இங்கிலீஷ். நாலு பாஷை வாய்க்குள் முட்டிக்கொள்கிறது என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள், நானும் ஒத்துக்கொண்டேன். அவள் திக்கும்போதெல்லாம் வார்த்தையை நானே எடுத்துக் கொடுத்துவிடுவேன். உதவி என்றுதான் நினைத்தேன். அந்த வித்தையில் எனக்குப் பழக்கமும் இருந்தது.

ஐந்தாவது பகுதியில் ஒரு வண்டிக்கு பிரேக் பிடிக்கவில்லை. கோளாறைக் கண்டுபிடித்தது அணில். "பி... பி..." என்றது. கரடி ஸ்பேனரைக் கீழே வைத்தது. முள்ளம்பன்றி திரும்பி நின்றது. யாரும் பேசவில்லை, பாட்டு இல்லை, ஒன்றும் இல்லை. வாட்சைப் பார்த்தேன். அணில் வார்த்தையை முடித்தபோது நான்கு விநாடி ஆகியிருந்தது. எழுதினேன்: 'பதினான்காம் நிமிடம். தேவையில்லாத இடைவெளி, நான்கு விநாடி. எடிட்டிங் பிழை. ரிஜெக்ட்.'

மகள் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, அது இ... இ..."

"இடைவெளி" என்றேன்.

தலையாட்டிவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள்.

மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள். "அவ அதையா சொல்ல வந்தா?"

"வேற என்ன?"

"எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. நீங்கதான் சொல்லவே விடலயே."

எரிச்சலோடுதான் மகளைக் கூப்பிட்டேன். "என்ன கண்ணு சொல்ல வந்த? சொல்லு, நான் பேசல."

அவள் என் வாயையே பார்த்தாள், அது எப்போது திறக்கும் என்று. பிறகு, "அது இ... இ... இன்னும் பேசிட்டிருக்குப்பா, அணிலு" என்றாள்.

மதியம், வீட்டு விஷயங்களை நான் குறித்துவைக்கும் டைரிகளில் கடைசி இரண்டு வருடத்தவற்றைப் பீரோவிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மகளைக் கடைக்கு அனுப்பிய நாட்களைத் தேடி எடுத்தேன். 'கடைக்குப் பன் வாங்க அனுப்பினேன். பால் வாங்கி வந்தாள். மறதி.' 'பட்டாணி கேட்டேன். பால். மறதி.' 'பேட்டரிக்குப் பதில் பேனா. மறதி.' இப்படிப் பதினொன்று. பதினொன்றிலும் கேட்டதும் வந்ததும் ஒரே எழுத்துக் குடும்பத்தில் தொடங்கின. தொழிற்சாலையில் ஒரே பிழை பதினோரு தடவை ஒரே இடத்தில் வந்தால் நான் பாகத்தைக் குற்றம் சொல்ல மாட்டேன், மெஷினைப் போய்ப் பார்ப்பேன். இங்கே இரண்டு வருடமாகப் பாகத்தைக் குற்றம் சொல்லியிருக்கிறேன்.

சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு தெருமுனைக் கடைக்குப் போனேன். "உனக்கு என்ன வேணுமோ நீயே கேளு" என்று வழியிலேயே சொல்லியிருந்தேன். கடைக்காரர் ஒரே மூச்சில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் பேசுகிறவர்.

"வா பாப்பா, ஏமி காவால, என்ன வேணும்?"

"ப... ப..."

"பாலா?" அவர் கை ஏற்கெனவே பிரிட்ஜுக்குப் போய்விட்டது. "பாலு ஒண்ணா ரெண்டா? ஹாலு பேக்கா?"

"அண்ணா, இருங்க" என்றேன்.

"எதுக்கு சார்? பாப்பா எப்பவும் பாலுதான் வாங்கும்."

"எப்பவும் நீங்க பாலுதான் குடுக்கறீங்க. கொஞ்சம் இருங்க."

அவர் பிரிட்ஜ் கதவைப் பிடித்தபடியே நின்றார். பின்னால் வெற்றிலைக்கு வந்த அம்மா, என்ன ஆச்சு என்று எட்டிப் பார்த்து, "ஏமாயிந்தி?" என்றார். பன், பட்டாணி, பிஸ்கட், பென்சில் என்று ஒவ்வொன்றாக என் நாக்கு வரை வந்தன. பல்லைக் கடித்துக்கொண்டேன். வாட்சைப் பார்க்கவில்லை.

"ப... ப... பம்பரம்" என்றாள்.

நூறு தடவை சொல்லச் சொன்னாலும் அதை நான் சொல்லியிருக்க மாட்டேன்.

"அட, பம்பரமா!" கடைக்காரர் பிரிட்ஜை மூடினார். "அதக் கேக்கறதுக்கா இத்தினி நாளா பாலு வாங்கிக்கினு போன?"

மகள் சிரித்தாள். பச்சை வேண்டாம், சிவப்பு என்று கை காட்டி மாற்றி வாங்கினாள்.

வீட்டுக்கு வந்து டைரிகளில் பதினோரு இடத்திலும் 'மறதி'யை அடித்தேன். அங்கே வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை, காலியாக விட்டேன். கார்ட்டூன் நோட்டில் பதினான்காம் நிமிடத்தை அடித்து, 'சரி' என்று எழுதினேன். அந்தத் தொடரில் நான் சரி போட்டது மழைக்கும் இதற்கும்தான். இடப்பக்கம் இறுக்கிய நட்டு ரிஜெக்ட்டிலேயே இருக்கிறது.