படிக்கு விட்ட இடம்

தங்கை இரண்டு வருடத்தில் வந்துவிடுவாள் என்றே வீட்டில் எல்லோரும் நம்பினோம். படிக்கத்தானே மெல்பேர்ண் போகிறாள்! படிப்பு முடியும், வருவாள், கலியாணம் நடக்கும், மேல்மாடியைக் கட்டிக் கொடுத்துவிடலாம்... அம்மாவின் திட்டம் அவ்வளவுதான்.

மட்டக்களப்பில் தாய் மகளுக்கு வீடு கொடுக்க வேண்டும். இரண்டு மகள்கள் என்றால் இரண்டு வீடுகள். நாவற்குடாவில் எங்களுக்கு இருந்ததோ ஒரே ஒரு சிறிய வளவு. ஆகவே கீழ் வீடு மூத்தவளான எனக்கு. மேல் வீடு இளையவள் வதனிக்கு.

அதற்காக இரண்டு ஏற்பாடுகள் செய்தோம். கொங்கிறீட் கூரைக்கு மேலே எட்டுத் தூண்களின் கம்பிகளையும் வெட்டாமல் நீட்டி விட்டோம். கீழே ஹோலில், யன்னலோரமாக, மாடிப்படி வருவதற்கென்று ஓர் இடத்தை வெறுமையாக விட்டோம்.

பதினெட்டு வருடங்கள் ஆகின்றன. வதனியின் படிப்பு முடிந்தது. வேலை கிடைத்தது. கலியாணமும் அங்கேயே நடந்தது. இரண்டு ஆண் பிள்ளைகள். இடையில் மூன்று முறை வந்து போனாள். எனக்குக் கலியாணம் கூடி வரவில்லை — அது வேறொரு பத்திக்குரிய விஷயம்.

அந்த இடத்தில் மட்டும் ஒரு கதிரைகூடப் போட்டதில்லை. யாராவது போட்டாலும் அம்மா விடமாட்டார். "படி வாற இடம் புள்ள, மறிக்காத" என்பார். கடைசி மாதங்களில் அம்மா புழுக்கமான பின்னறையில்தான் படுத்திருந்தார். வீட்டிலேயே நல்ல காற்று வருகிற இடம் படிக்கு உரியதாயிற்றே! கட்டிலை அங்கே போடலாம் என்று எனக்கும் தோன்றவில்லை. அம்மா போய் நான்கு வருடங்களாகின்றன. 

நான் தமிழ் படிப்பித்த ஆசிரியை. நாற்பது வயதுக்குப் பிறகு சிங்களம் கற்றேன். பிறகு சிங்களச் சிறுகதைகளைத் தமிழாக்கத் தொடங்கினேன். புத்தகங்கள் பெட்டிகளில். மேசை போட இடமில்லை. கட்டிலில் இருந்துதான் எழுத்து. ஒரு சொல்லுக்கு மூன்று தமிழ்ச் சொற்கள் தோன்றினால், மூன்றையும் சாய்கோடு போட்டு எழுதி வைத்துவிடுவேன் — ஏக்கம் / தவிப்பு / நினைவு. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று.

போன மாதம் அந்தக் கையெழுத்துத் தாள்கட்டுகளைக் கல்லடியில் இருக்கும் என் சிநேகிதியிடம் வாசிக்கக் கொடுத்தேன். இரண்டே நாளில் திருப்பி அனுப்பிவிட்டு அழைத்தாள்.

"என்னகா இது, கதையா அகராதியா?"

"வாசிக்கிற ஆக்கள் விரும்பினத எடுக்கட்டுமே..."

"அவங்க எடுக்கிறதுக்கு நீ என்னத்துக்குகா? ஒண்டச் சொல்லு!"

சிரித்துச் சமாளித்தேன். வேறென்ன செய்ய?

அதற்குள் மாரி மழை பிடித்துக்கொண்டது. கூரையிலிருந்து செம்மண் நிறத்தில் நீர் இறங்கி, புத்தகப் பெட்டி ஒன்று நனைந்தது. காத்தான்குடியிலிருந்து, வீடு கட்டுகிற மேசன் காக்காவை அழைத்தேன். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே காக்கா என்றுதான் சொல்வோம். ஏணி வைத்து ஏறினார். நெடுநேரம் கழித்து இறங்கினார்.

"டீச்சர், மேல காகம் குடும்பமா இருக்கு. ஒங்கட தங்கச்சி வாறதுக்குள்ள அதுகள் பேரப்புள்ளயும் கண்டிட்டு."

"ஒழுக்கு எங்கால காக்கா?"

"கம்பியாலதான். மழத் தண்ணி அதப் புடிச்சித் தூணுக்குள்ள எறங்குது. கம்பி கறள் புடிச்சி ஊதினாத் தூண் வெடிக்கும். கட்டுறதெண்டா இந்த வருசமே கட்டுங்க. இல்லாட்டி வெட்டி மூடிருவம்."

"ரெண்டும் இல்லாம, கொஞ்ச நாள் இப்பிடியே..."

"வச்சிப் பாத்தீங்கதானே டீச்சர், பதினெட்டு வருசம்!"

அன்று மாலையே வதனியை அழைத்தேன்.

"கட்டுவமா புள்ள?"

"மூத்தவன் அடுத்த வருசம் ஹைஸ்கூலுக்குப் போறான் அக்கா. இனி எங்க..."

"அப்ப வெட்டச் சொல்லவா?"

"ஐயோ, வெட்டாதக்கா!"

"கட்டவும் வேணாம், வெட்டவும் வேணாம். மறுகா என்ன செய்யிற?"

"அது அங்க நிக்குது எண்டு நினைச்சாலே எனக்கு ஒரு..."

அவள் முடிக்கவில்லை. முடிக்கத் தேவையுமில்லை. கேற்றில் ஓட்டோ நின்றால் இன்றும் எழுந்து பார்க்கிறவள் நான்.

எதையும் விடாமல் வைத்திருப்பதைக் கெட்டித்தனம் என்று நினைக்கிறோம். வைத்திருப்பதற்கும் ஓர் இடம் வேண்டுமே! அந்த இடத்தை எங்கிருந்து எடுக்கிறோம்? எங்கள் வீட்டில் அது அம்மாவின் கட்டிலிலிருந்து எடுக்கப்பட்டது. பிறகு என் மேசையிலிருந்து.

சனிக்கிழமை காலை மேசன் காக்கா வெட்டுகிற மெஷினோடு வந்தார். மழை விட்டிருந்தது. வதனியிடம் சொல்லியிருந்தேன்; வெட்டுமுன் ஒருமுறை பார்க்க வேண்டும் என்றாள். ஐம்பத்து மூன்று வயதில், ஒரு கையில் போனோடு ஏணி ஏறினேன்.

"வாவியக் காட்டக்கா. அங்கால இல்ல... கொஞ்சம் கிறுகு."

திரும்பினேன். தென்னைகளுக்கு இடையில் ஒரு துண்டு நீர் மினுங்கியது. கூரை போட்ட புதிதில் இருவரும் இங்கே ஏறி வந்தோம். உடைந்த செங்கல்லால் அவள் தரையில் தன் அறைகளை எல்லாம் கீறினாள்.

"அதுக்கு நேரதான் என்ர யன்னல்" என்றாள் இப்போது, போனில்.

"ஓம். தெரியும்."

"தொடங்கட்டா டீச்சர்?" என்றார் மேசன் காக்கா. பொறுங்கள் என்று கையைக் காட்டினேன்.

"மறுகா நான் வந்தா எங்க படுக்கிற அக்கா?"

"என்ர கட்டில்ல. சின்னதில படுத்த மாதிரி."

"நீ குறட்டை விடுவாய்."

"நீ காலத் தூக்கிப் போடுவாய்."

சிரித்தாள். சிரிப்பு பாதியில் வேறொன்றாக மாறியபோது போனை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். திரையில் மெல்பேர்ண் வீட்டின் வெள்ளைச் சுவர் மட்டும் தெரிந்தது. அதிலிருந்து குரல் வந்தது.

"வெட்டச் சொல்லுக்கா."

எட்டுத் தூண்கள். மதியத்துக்குள் வேலை முடிந்துவிட்டது.

மறுநாள் யன்னலோரம், படிக்கு விட்ட இடத்தில், மேசையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நல்ல காற்று. முதல் பக்கத்திலேயே சாய்கோடுகள். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இரண்டை அடித்தேன். அடித்தவையும் நல்ல சொற்கள்தாம்... என்ன செய்வது?

வதனியின் வீடு மெல்பேர்ணில் இருக்கிறது. நாவற்குடாவில் நான் இருக்கிறேன்.