சித்திக்கு உப்பு

சித்தி கறுத்துப் போனதற்கு எங்கள் வீட்டில் காரணங்கள் வரிசையாக வந்தன. முதலில் அந்தமான் வெயில். மெயின்லேண்டிலிருந்து கல்யாணமாகி வந்தவர்கள் எல்லோரும் ஒரு சுற்றுக் கறுப்பார்கள் என்றாள் அம்மா. பிறகு வாந்தி, மசக்கை என்று பக்கத்து வீட்டுப் பெங்காலிப் பெண்கள்கூட வந்து வாழ்த்திவிட்டுப் போனார்கள். அதுவும் இல்லை என்றானதும் சோம்பல் என்ற காரணம்தான் மிச்சம் இருந்தது.

அப்போது நாங்கள் அந்தமானில் புரோத்ராபூரில் இருந்தோம். சித்தப்பாவுக்குத் தீவுகளுக்கிடையே ஓடும் கப்பலில் வேலை. வடகோடியில் திக்லிபூர் பக்கம் போனால் எப்போது திரும்புவார் என்று அவருக்கே தெரியாது. வீட்டுக் காவலுக்கென்று ஒரு நாய்க்குட்டியைக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போயிருந்தார்.

சித்தி கல்லுப்பைக் கற்கண்டுபோலத் தின்றாள். "உப்புதான்டி உன் ரத்தத்தைச் சுண்ட வைக்குது" என்று அம்மா ஜாடியைப் பரணில் ஏற்றினாள். கப்பல் பிந்தினால் கடையில் உப்பு கிடைக்காது என்பது அவள் சொல்லாத காரணம். நான் ஏறி எடுத்து, கவுன் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பேன். அதைக் கண்டுபிடித்த அம்மா ஜாடியை டிரங்குப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். சில நாட்களில் சித்தி கிணற்றடியில் மயங்கி விழுந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா சித்தியின் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார். ரேகைகள் மட்டும் மையிட்டதுபோல் இருந்தன. வெயில் படாத ஈறுகளும் கறுத்திருந்தன.

"நமக் ஜ்யாதா காத்தி ஹை க்யா?" உப்பு அதிகம் தின்பாளா என்று கேட்டார்.

"நஹீன் டாக்டர்ஜி. நமக் டிரங்க் மே. தாலா!" பூட்டிவிட்டதை அம்மா பெருமையாகச் சொன்னாள்.

டாக்டரம்மா முகம் மாறியது. அடி நிச்சயம் என்று நினைத்து, "நான்தான் முன்னாடி குடுத்தேன்" என்று அழுதேன். அதை நர்ஸ் இந்தியில் சொன்னதும் அவர் என் கன்னத்தைத் தட்டினார். "அச்சா கியா." நல்லதுதான் செய்தாய் என்றார்.

உப்புநீர் ஏற்றினார்கள். மாத்திரை கல்கத்தாவிலிருந்து கப்பலில் வந்தது. சில வாரங்களில் சித்தி எழுந்து நடந்தாள். உடம்பின் காவல்படையே, உடம்பில் உப்பைத் தக்கவைக்கும் ஒரு சுரப்பியை அழித்துவிட்டது, அதனால்தான் கறுப்பும் உப்பாசையும் என்றார் டாக்டரம்மா. காவலுக்கு இருப்பது சொந்த வீட்டாரையே ஏன் கடிக்க வேண்டும் என்று கேட்டேன். அவர் சிரித்து, படித்துக் கண்டுபிடி என்றார்.

படித்தேன், இன்று ரத்தம் பரிசோதிப்பதுதான் என் வேலை. முழுக் காரணம் இன்னும் யாருக்கும் தெரியாது. தெரிந்தவரை இவ்வளவு: ஒவ்வொரு சுரப்பியிலும் அதன் வேலைக்கென்றே சில புரதங்கள் உண்டு, உடம்பில் வேறெங்கும் அவை அதிகம் தென்படுவதில்லை. காவல் அணுக்கள் நம்மவர் யார் என்று பழகும்போது இவற்றைச் சரியாகப் பழகாமல் விட்டுவிடலாம். சுரப்பிகளுக்கோ ரத்த ஓட்டம் ஏராளம். அந்த வழியே காவலர்கள் ஓயாமல் வந்துபோகிறார்கள்.

சித்தி வீடு திரும்பிய வாரம் சித்தப்பா வந்தார். வேலியைத் தாண்டியதும், வளர்ந்துவிட்டிருந்த அந்த நாய் அவர் வேட்டியைக் கவ்விக் கிழித்தது.

"அடப் பாவி! வாங்கிட்டு வந்தவனையே கடிக்கிறியா?"

"எப்பவோ ஒருநாள் மூஞ்சியக் காட்டினா, அதுக்கு எப்படிங்க அடையாளம் தெரியும்?" என்றாள் சித்தி.

அவள் சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது. நானும் விழுந்து விழுந்து சிரித்தேன், என் கேள்விக்குப் பதில் வந்துவிட்டது என்று தெரியாமலே.