வேருக்குத் திசை தெரியாமல் பார்த்துக்கொள்ளும் வேலை

ஒரே ஒரு மெஷினைக் கட்டிக்கொண்டு மாரடிக்கும் சக லேப் டெக்னீஷியன்களே, என் பாட்டையும் கொஞ்சம் கேளுங்கள்.

பாகூர் பக்கம் எங்கள் ஆராய்ச்சிக்கூடம். விண்வெளியில் நெல் எப்படி வேர்விடும் என்று இங்கேயே பார்க்க, ராட்டினம் மாதிரி நிமிர்ந்து சுழலும் தட்டில் முளைவிட்ட நெல்லை வைத்து ஏழு நாள் சுற்றுவோம். எது கீழே என்று வேருக்குத் தெரியக் கூடாது. கால் மணி நேரம் நின்றால் போதும், வேர் திரும்பிவிடும். எல்லாம் பாழ்.

விதை நெல்

ஆராய்ச்சி மாணவி கவிதாவின் முதல் தட்டு பூஞ்சை பிடித்துப் போனது. மறுபடி விதை நெல் கேட்டு ஏரிக்கரை விவசாயியிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சேத்துல நட்டாலே சாஞ்சிப் பூடுது. நீ சுத்த வேற வுடுறியா?"

கரண்ட் போன மத்தியானம்

இரண்டாவது தட்டின் மூன்றாம் நாள் கரண்ட் போனது. யூ.பி.எஸ். இரண்டு தரம் கத்திவிட்டு உயிரை விட்டது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தபடி, அரை நிமிடத்துக்கு ஒரு சுற்றாகக் கையாலேயே சுற்றினேன். நாற்பது நிமிடம். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. ஆனாலும் தட்டு பிழைத்தது. கூட்ட வந்த அஞ்சலை அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இன்னா சார், மாவாட்டுறியா?"

ஆயுத பூஜை

ஆறாம் நாள். லீவுக்கு முந்தின நாளே லேபில் பூஜை. "ஒரு மெஷினையும் விட்டுடாதீங்கக்கா" என்று அஞ்சலை அக்காவைப் பொட்டு வைக்கச் சொன்ன மகானுபாவன் நான்தான். கற்பூரம் காட்டும்போது பார்க்கிறேன், குங்குமமும் சாமந்தியுமாகத் தட்டு அசையாமல் நிற்கிறது. நின்று முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"வருசம் பூரா ஓடுது, இன்னிக்கி ஒரு நாளு குந்தட்டுமேன்னு நிறுத்தனேன் சார்."

எட்டு நாள்

வேர்களெல்லாம் ஒரே பக்கமாக வளைந்திருந்தன. முடிவுகளைக் கொடுக்கக் கவிதாவுக்கு எட்டே நாள்தான் பாக்கி. தவறினால் இந்த வருஷம் பட்டம் இல்லை. "தப்பு என்னோடதும்மா, நான்தான் சொன்னேன்" என்றேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் கொஞ்ச நேரம் அழுதாள். அஞ்சலை அக்கா தாம்பாளத்தை இறக்கவும் தோன்றாமல் நின்றார். பிறகு கவிதா முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"ஊற ஒரு நாளு, சுத்த ஏழு நாளு. இப்பவே ஊறப் போடுங்கண்ணா."

லீவு நாளும் அதுவுமாக, வாட்ச்மேனும் இல்லாத கட்டடத்தில், தட்டு சுற்றுகிறதா என்று பார்த்தபடி நானும் அஞ்சலை அக்காவும் ஆளுக்கொரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்ததற்குப் பெயர்தான் விண்வெளி ஆராய்ச்சி.