காய வேண்டிய சோளத்துக்குத் தண்ணீர் பாய்ந்த நாள்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, மாசி மாதக் கடைசியில், நாச்சியாபுரத்தைத் தாண்டி ஒரு புஞ்சையில் நடந்தது இது. காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் நான் தாவரவியல் ஆசிரியை. மூக்குக்கு மேல் கோபம் வரும் ஆள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் பேசியதைப் படித்துவிட்டு நீங்கள் முகம் சுளிக்கக் கூடாது பாருங்கள்.

எங்கள் ஆராய்ச்சி இனிப்புச் சோளத்தைப் பற்றியது. கரும்பு மாதிரி இதன் தண்டில் சாறு இருக்கும். கதிர் சாப்பாட்டுக்கு ஆகும். சாற்றிலிருந்து எத்தனால் எடுத்து வண்டிக்கு எரிபொருள் ஆக்கலாம். ஆனால் எங்கள் சீமையில் தண்ணீருக்கு எங்கே போவது? அதனால் தண்ணீர் இல்லாமல் தாக்குப்பிடிக்கும் ரகம் எது, அதன் மரபணுவில் அப்படி என்ன இருக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். மரபணுவைப் படிக்கும் பெரிய கருவிகளெல்லாம் எங்களிடம் இல்லை. எங்களிடம் தாராளமாக இருந்தது வெயில் ஒன்றுதான். கருவி வைத்திருப்பவர்களோடு கூட்டுச் சேர்ந்தால்தான் உண்டு என்று வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுக்குக் கடிதம் கடிதமாக எழுதினேன். பாதிப் பேர் பதிலே போடவில்லை. மீதிப் பேர் வாழ்த்துச் சொன்னார்கள்.

கடைசியில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பேராசிரியை பதில் போட்டார். விடியற்காலையில் வீடியோவில் பேசுவோம். இங்கே என் பிள்ளைகளுக்கு இட்லி வெந்துகொண்டிருக்கும், அங்கே அவர் மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். ஒன்றரை வருடம் இப்படிப் பேசிய பிறகு, நேரில் வந்து வயலைப் பார்ப்பதாகச் சொன்னார். அதிலும் ஒரு சிக்கல். இந்தியாவில் இரண்டு இடங்களைப் பார்க்கப் போகிறார், ஒன்றைத்தான் தேர்ந்தெடுப்பார். இன்னொரு இடம் வேறு மாநிலத்தில் இருந்த பெரிய ஆராய்ச்சி நிலையம். நாங்கள் நான்கு பேர் கொண்ட ஒரு துறை.

சோதனை வயலுக்கு நிலம் கொடுத்தது ஓர் அக்கா. ஐம்பது வயது இருக்கும். சொந்தப் புஞ்சை, சொந்த மோட்டார், யாருக்கும் பயப்படாத வாய். நான் முனைவர் பட்டம் வாங்கியவள் என்று எத்தனை முறை சொன்னாலும் அவருக்கு நான் டீச்சர்தான். நாற்பது ரகங்களை எடுத்து, அதே நாற்பதையும் நான்கு பாகங்களில் வரிசை மாற்றி விதைத்திருந்தோம். பயிர் இடுப்பளவு வந்ததும் தண்ணீரை அடியோடு நிறுத்த வேண்டும். எது வாடுகிறது, எது நிற்கிறது என்று பார்க்க வேண்டும். அதைத்தான் விருந்தாளிக்குக் காட்டப் போகிறோம். மூன்று வாரமாகச் சொட்டுத் தண்ணீர் இல்லை. இலையெல்லாம் சுருண்டு, பார்க்கவே பரிதாபமாக, எனக்கு மட்டும் பரம சந்தோஷமாக இருந்தது.

விருந்தாளி வியாழக்கிழமை வருகிறார். முந்தின மூன்று நாளும் நான் வயல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. கல்லூரியில் வேலை தலைக்கு மேல் கிடந்தது. ஆய்வகத்துக்கு வெள்ளையடித்தோம். மாதிரிகளை உறைய வைக்கும் பெரிய குளிர்பெட்டி ஆறு மாதமாக ஓடவில்லை. அதன் முன்னால் ஆளுயர ஃபிளெக்ஸ் ஒன்றை நிறுத்தி, ‘நல்வரவு’ என்று போட்டு மறைத்துவிட்டேன். ரொம்ப சாமர்த்தியம் என்று எனக்கு நானே மெச்சிக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்கு, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கப் புஞ்சைக்குப் போனேன். வண்டியை நிறுத்தும்போதே கண்ணில் பட்டுவிட்டது. வயலில் பாதி பச்சென்று நின்றது. மண் கறுத்துக் கிடந்தது, கால் வைத்தால் சேறு. அக்கா மோட்டார் ரூம் வாசலில், சுவிட்சையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“வாங்க டீச்சர். நேத்து மதியம் பாதிதான் பாஞ்சுச்சு, த்ரீ பேஸ் கரண்டு போயிருச்சு. இப்ப வந்துரும், மிச்சத்தையும் முடிச்சிர்றேன்.”

யாரைக் கேட்டுத் தண்ணீர் விட்டீக, ரெண்டு வருஷ உழைப்பை மண்ணாக்கிட்டீகளே, உங்களை நம்பினது என் புத்திகெட்டதனம் என்று கத்தித் தீர்த்தேன். தள்ளி வெள்ளாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

அக்காவின் முகம் சுருங்கிப்போனது. “அம்புட்டுத் தொலைவுல இருந்து ஒரு மனுசி வாராக. வாரவுகளுக்கு இந்தச் சருகையா காட்டுறது? ஊருல ஒரு மாசமா என்னையக் கேலி பண்றாக டீச்சர், பயிரைக் காயப் போட்டு வேடிக்கை பாக்குறான்னு. நான் என்ன செய்ய?” என்றார். சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது.

அவர் செய்தது என்ன? விருந்தாளி வருகிறார் என்று தன் இடத்தைப் பார்க்க அழகாக்கி வைத்தார். நான் வெள்ளையடித்து, ஃபிளெக்ஸ் வைத்ததும் அதே கதைதானே? சொன்னால் வெட்கம், அந்த நிமிஷம் எனக்கு அது உறைக்கவே இல்லை. எனக்குத் தோன்றியதெல்லாம் ஒரு பொய். “அக்கா, அந்தம்மா கேட்டா நேத்து மழை பேஞ்சுச்சுன்னு சொல்லிருவோம்” என்றேன்.

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “ஏன் டீச்சர், மழை இந்த வரப்பு வரைக்கும் பேஞ்சுட்டு, அங்குட்டு வேண்டாம்னு போயிருச்சாக்கும்? வாரவுகளுக்குக் கண்ணு தெரியாதா?”

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. முதல் வேலையாக மோட்டாரின் ஃபியூஸைப் பிடுங்கி என் கைப்பையில் போட்டுக்கொண்டேன். வேறு என்ன செய்வது என்று யோசிப்பதற்குள், பத்து மணிக்கு வர வேண்டிய கார் எட்டரைக்கே வந்து நின்றது. வெயில் ஏறுவதற்குள் வயலைப் பார்த்துவிடலாம் என்று, கல்லூரிக்குப் போகாமல் இங்கேயே கிளம்பிவிட்டாராம். எங்கள் துறைத்தலைவர் கல்லூரி வாசலில் மாலையோடு நிற்கிறார், விருந்தாளி இங்கே செருப்பைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்!

நெட்டையான பெண்மணி, தலையில் பெரிய தொப்பி. வணக்கம் சொன்ன கையோடு நேரே வயலுக்குள் இறங்கினார். குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, ஈர மண்ணை எடுத்து விரலால் நசுக்கினார். எழுந்து வரப்புக்கு அந்தப் பக்கம் போய்க் காய்ந்த மண்ணைத் தொட்டார். திரும்பி என்னைப் பார்த்து, இதற்கு யார் தண்ணீர் விட்டது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அக்காவுக்கு ஆங்கிலம் தெரியாது. ஆனால் கேள்வி என்னவென்று தெரிந்துவிட்டது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினார்.

“நாந்தான் விட்டேன். டீச்சருக்குத் தெரியாது. கோவிக்கிறதா இருந்தா என்னையக் கோவிச்சுக்கச் சொல்லுங்க.”

அந்த வயலில் இரண்டு மொழியும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். டிரைவர் காரோடு நின்றுவிட்டார். நான் எப்படி வேண்டுமானாலும் மாற்றிச் சொல்லியிருக்கலாம். திட்டமிட்டுத்தான் செய்தோம் என்றுகூடச் சொல்லியிருக்கலாம், கேட்பதற்கு ஆள் இல்லை. தூக்கிய கையை இறக்காமல் அக்கா என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை விடாமல் அவர் சொன்னதைச் சொன்னேன். விருந்தாளிக்குச் சருகைக் காட்டக் கூடாது என்று விட்டார் என்றேன். அதோடு நிறுத்த முடியவில்லை. மழை பெய்தது என்று உங்களிடம் பொய் சொல்லப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும், போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. தண்ணீர் எத்தனை மணிக்கு நின்றது, எந்த வரிசையோடு நின்றது என்று கேட்டார். பன்னிரண்டரைக்குக் கரண்டு போனது, நடு வரப்பைத் தாண்டவில்லை என்று அக்கா அடித்துச் சொன்னார். பேராசிரியை என்னிடமிருந்து விதைப்பு வரைபடத்தை வாங்கிக்கொண்டு நனைந்த பகுதியில் வரிசை வரிசையாக நடந்தார். திடீரென்று நின்று எங்களைக் கை காட்டி அழைத்தார்.

அப்போதுதான் நானும் பார்த்தேன். தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாம் ஒரே பச்சை. பக்கத்தில் போனால், ஒரு வரிசை முழுவதும் இலை விரித்து, வாடியதே இல்லாதது போல நிற்கிறது. அதற்கு அடுத்த வரிசை, அதே தண்ணீரைக் குடித்தும், சுருண்டபடியே கிடக்கிறது. நனைந்த இரண்டாவது பாகத்தில் போய் அதே ரகத்தைத் தேடினோம். அங்கும் அது எழுந்து நின்றது. காய்ந்த இரண்டு பாகங்களிலோ அது மற்ற பயிரைப் போலவே வாடிக் கிடந்தது. ஒரு ரகம் மட்டுமில்லை, ஐந்து ரகங்கள் அப்படி!

வரப்பில் நின்றபடி அவர் எனக்கு விளக்கினார். எல்லோரும் எது வாடாமல் நிற்கிறது என்றுதான் பார்க்கிறோம். ஆனால் உங்கள் ஊரில் மழை தாமதமாகவாவது வரும் இல்லையா? அது வரும்போது எது முதலில் எழுந்து நிற்கிறது என்பதுதானே விவசாயிக்கு முக்கியம்? இது நிரூபணம் ஆகாது, முறையாகத் திட்டமிட்டு மறுபடி செய்ய வேண்டும், ஆனால் எங்கே தேட வேண்டும் என்று இன்றைக்குத் தெரிந்துவிட்டது என்றார்.

கரோனா காலத்தில் நெற்றிக்கு நேரே காட்டிச் சூடு பார்த்தார்களே, அது போன்ற ஒரு கருவியைப் பையிலிருந்து எடுத்தார். தண்ணீர் ஏறிய இலை குளிர்ந்திருக்கும், ஏறாதது சுடும். ஒவ்வொரு வரிசையாக இலைச் சூட்டை அவர் அளக்க, நான் எழுத, அக்கா வரிசை எண்ணைப் பார்த்து உரக்கச் சொல்ல, பன்னிரண்டு மணி வரை நாங்கள் மூன்று பேரும் நிமிரவில்லை. இடையில் அக்கா நீராகாரம் கொண்டுவந்து கொடுத்தார். விருந்தாளி இரண்டு சொம்பு குடித்தார். துறைத்தலைவரின் மாலை வாடியதுதான் மிச்சம்.

கிளம்பும் முன்பு அக்காவின் கையைப் பிடித்து, தெரியாமல் பேசிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்றேன். “அட விடுங்க டீச்சர். எங்க வீட்டுக்காரரு பேசாததையா நீங்க பேசிட்டீக?” என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. சாயங்காலம் ஆய்வகத்துக்குப் போனதும் நானே ஃபிளெக்ஸைத் தூக்கி ஓரமாக வைத்து, ஓடாத குளிர்பெட்டியைக் காட்டினேன். அவர் தட்டிப் பார்த்துவிட்டுத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்று வாரம் கழித்து மின்னஞ்சல் வந்தது. எங்களைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்! இரண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஐந்து வருட ஆராய்ச்சி, எங்கள் மாணவர்கள் அங்கே போய்ப் பயிற்சி எடுக்கலாம், புதுக் குளிர்பெட்டியும் பட்டியலில் இருந்தது. ஆராய்ச்சியின் தலைப்பிலேயே, வாடிய பயிர் மீண்டெழுவது பற்றி என்று போட்டிருந்தது. வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு அக்காவிடம் ஓடினேன். கண்மாயில் நூறு நாள் வேலையில் மண் சுமந்துகொண்டிருந்தார். மூச்சு வாங்கச் சொன்னேன். என்ன ஏதென்று முழுதாகப் புரிந்ததோ இல்லையோ, கூட இருந்த அத்தனை பெண்களும் கண்மாயே அதிரக் குலவையிட்டார்கள். பயிரைக் காயப் போட்டதற்குக் கேலி செய்தவர்களும் அதில் இருந்தார்கள். நான் வெட்கமில்லாமல் அழுதேன்.

அடுத்த மாசியில் அதே புஞ்சையில் முறைப்படி பாதிக்குத் தண்ணீர் விட்டு, பாதியைக் காயப் போட்டோம். ஐந்தில் மூன்று ரகங்கள் மறுபடியும் சொல்லி வைத்தது போல எழுந்தன. எங்கள் முதல் கூட்டுக் கட்டுரை சமீபத்தில் வெளிவந்தது. முதல் சோதனையைப் பற்றி எழுதும்போது, திட்டமிடாத நீர்ப்பாசனம் என்று கௌரவமாக முடிக்கப் பார்த்தேன். பேராசிரியை விடவில்லை, காரணத்தையும் எழுதச் சொன்னார். ‘விருந்தினர் வருவதை முன்னிட்டு நிலத்தின் உரிமையாளர் தண்ணீர் பாய்ச்சினார், மின்தடையால் பாதியில் நின்றது’ என்று அச்சில் இருக்கிறது. அதைத் தமிழில் சொன்னபோது அக்கா கேட்டார்: “அம்புட்டு நாட்டுக்காரவுகளுக்கும் தெரிஞ்சு போச்சா? தெரியட்டும். விருந்தாளிக்குச் சருகைக் காட்டுனான்னு ஒருத்தரும் சொல்ல மாட்டாகள்ல!”

இன்றைக்கு எங்கள் துறைக்கு நாலு நாட்டிலிருந்து ஆட்கள் வந்து போகிறார்கள், எல்லோரும் என்னைப் பாராட்டுகிறார்கள். ஆனால் அன்று அக்கா கையைத் தூக்கியிருக்காவிட்டால் நான் மழை என்றுதான் சொல்லியிருப்பேன் என்பது எனக்குத் தெரியும். அதனால் ஒவ்வோர் அறிக்கையிலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், நடந்ததைத்தான் எழுதியிருக்கிறேனா என்று இன்னொரு முறை படித்துப் பார்க்கிறேன்.