தோட்டம் பார்க்கிற ஆள்

வேலைவாய்ப்பு அலுவலகத்தில், வேலையில்லாதவர்களின் உதவித்தொகை மனுக்களைச் சரிபார்த்து வாங்குவது என் வேலை. ஆளைப் பார்த்ததும் எடை போட்டுவிடுவேன் என்கிற திமிர் எனக்கு நிறையவே உண்டு. தேய்த்த சட்டையில் வந்தால் சந்தேகம், கையில் நல்ல போன் இருந்தால் இன்னும் சந்தேகம்.

அந்த வெள்ளிக்கிழமை சரவணம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும். சட்டையில் மடிப்புக் கலையவில்லை. வரிசையில் நின்ற எல்லோர் காதிலும் விழும்படி, "இப்ப என்னங்க பண்றீங்க?" என்று கேட்டேன்.

"தோட்டம் பாத்துட்டிருக்கேனுங்க."

தோட்டம் வைத்திருப்பவருக்கு எதற்கு உதவித்தொகை? 'சுயதொழில்' என்று குறித்து, மனுவைத் தள்ளுபடியான மனுக்களோடு சேர்த்துவிட்டேன். "சரிங்க" என்று போய்விட்டார். திங்கட்கிழமைதான் மனு வாங்கக் கடைசி நாள்.

ஞாயிறன்று தாராபுரத்தில் ஒரு கல்யாணம். பந்தியில் பக்கத்து இலைக்காரர் என் கணவரிடம், "மாப்ள இப்ப என்னங்க பண்றீங்க?" என்றார். வேலை பார்த்த இரும்பு வார்ப்புப் பவுண்டரியை மூடியதால் நான்கு மாதமாக வீட்டில் இருக்கிறவர் (ரசம் மட்டும் என்னைவிட நன்றாக வைக்கிறார்), கொஞ்சமும் தயங்காமல், "பிசினஸுங்க" என்றார். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. பாயசம் வருவதற்குள் அந்தத் தேய்த்த சட்டைக்காரர் நினைவுக்கு வந்துவிட்டார். வெட்கமாக இருந்தது. பாயசத்தை இலையிலேயே விட்டு எழுந்துவிட்டேன்.

திங்கள் காலை முதல் வேலையாக அவருக்குப் போன் செய்தேன். "ஏனுங்க, அந்தத் தோட்டம் யாருதுங்க?"

"பக்கத்து ஊட்டுக்காரங்களுதுங்க. அவங்க ஊருக்குப் போனப்ப மூணு நாள் தண்ணி உட்டேனுங்க."

"அதை அன்னிக்கே சொல்றதுக்கென்னங்க?"

"அத்தனை பேர் நிக்கறப்ப சும்மா இருக்கேன்னு எப்படிங்க சொல்றது?"

மதியத்துக்குள் வந்துவிட்டார். அதே சட்டை, மறுபடி தேய்த்திருந்தார். என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காரவைத்து, எதுவும் கேட்காமல் தாளை நீட்டி எழுதச் சொன்னேன். 'வேலை இல்லை' என்று முத்துமுத்தாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். பழைய குறிப்பை அடித்துவிட்டு மனுவை ஏற்று முத்திரை குத்தியபோது, எனக்கே வேலை கிடைத்ததுபோல அத்தனை சந்தோஷம்.

எழுந்தவர், மரியாதைக்கு என் வீட்டையும் விசாரித்தார். "வாரேனுங்க மேடம். ஊட்ல சார் என்ன பண்றாருங்க?"

வரிசையில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள்.

"பிசினஸுங்க" என்றேன்.