நஞ்சுண்டன் வைத்த சோதனை

காந்திபுரத்தில் அரங்கசாமி நடத்திய சாப்ட்வேர் கம்பெனியில் மூன்றே பேர். கோழிப்பண்ணைகளுக்குத் தீவனக் கலவை போட்டுத் தரும் புரோகிராமை அவர்கள் பிளாப்பிகளில் விற்றார்கள். பிளாப்பி தயாரிப்பது நஞ்சுண்டன். சரிபார்ப்பது கோமளா. பேசுவது அரங்கசாமி.

அந்தப் புரோகிராம் தனியாக ஓடாது. தமிழ் எழுத்தும் வேறு இரண்டு துணைக்கோப்புகளும் கம்ப்யூட்டரில் முன்பே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கலவைச் சீட்டு எழுத்துக்குப் பதில் கட்டம் கட்டமாக அச்சாகும். எனவே, எல்லாம் இருக்கிறதா என்று முதலில் பார்த்து, இல்லாவிட்டால் நின்றுவிடும்படி பிளாப்பியிலேயே ஒரு சோதனை வைத்தார் நஞ்சுண்டன்.

1996இல் சூலூர்ப் பண்ணை ஒன்றில் புதுக் கம்ப்யூட்டருக்குப் பூஜை போட்டு, வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில், சூடம் எரியும்போது அது நின்றது. ராகு காலமும் பிறந்தது.

"ஏனுங்க நஞ்சுண்டன், நம்மூர்ல ஊட்டுக்கு வந்தவன் எவனாச்சும் எடுத்த எடுப்புல முடியாதும்பானா?" என்றார் அரங்கசாமி.

"இல்லாததைச் சொல்லுதுங்க."

"கேட்டாச் சொல்லட்டும். கேக்காம எதுக்குங்க சொல்லோணும்?"

"கேக்கத் தெரிஞ்சவங்களுக்கு அது தேவையே இல்லீங்க."

தொடரலாமா, ஆமா, இல்லை என்று திரையில் கேட்டுவிடலாமே என்றாள் கோமளா. நஞ்சுண்டன் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "நல்ல நேரத்துல எவருங்க 'இல்லை'யை அமுக்குவாங்க?"

முதலாளி சொன்னபடிதான் ஆனது. சோதனை வேண்டுமென்றால் ஓர் எழுத்தைக் கூடுதலாகத் தட்ட வேண்டும். தட்டாவிட்டால் பிளாப்பி எதையும் பார்க்காது. இரண்டு வருடத்தில் வாடிக்கையாளர் ஒருவரும் அதைத் தட்டவில்லை. ஒரு புகாரும் வரவில்லை. "பாத்தீங்களா?" என்று அரங்கசாமி மாதம் ஒருமுறையாவது கேட்டார். நஞ்சுண்டன் தலையாட்டினார்.

கோமளா முட்டையை வைத்துத்தான் கண்டுபிடித்தாள். எங்காவது பூஜை இருந்தால், அன்று காலையில் நஞ்சுண்டனின் மேசைக்கடியில் ஓர் அட்டை முட்டை இருந்தது. முந்தின நாள் சாயந்திரமே அவர் பஸ் பிடித்துப் பண்ணைக்குப் போய், கரண்டுக்கு எர்த் சரியாக இருக்கிறதா பார்க்க வந்ததாகச் சொல்லி, அந்த எழுத்தைத் தட்டி, இல்லாததையெல்லாம் போட்டு, கம்ப்யூட்டரை மறுபடி உறையால் மூடிவிட்டு வந்திருக்கிறார். மறுநாள் சூடம் காட்டியதெல்லாம் ஏற்கெனவே ஓடிய கம்ப்யூட்டருக்குத்தான்.

"முதலாளிகிட்டச் சொல்லீர்லாமுங்களே?"

"சொன்னா, அதான் நீங்களே போறீங்களே, சோதனை எதுக்கும்பாருங்க."

98 ஆடியில், நாலு நாள் காய்ச்சலில் நஞ்சுண்டன் இறந்துபோனார். வயது முப்பத்தாறு. ஆடியில் யாரும் புது கம்ப்யூட்டர் வாங்குவதில்லை. அதனால் வேலை ஒன்றும் தடைப்படவில்லை.

ஆவணியின் முதல் பூஜை பல்லடத்தில், அங்கப்பன் என்பவரின் பண்ணையில். எல்லாம் நல்லபடியாக முடிந்து, முதல் சீட்டு கட்டம் கட்டமாக வந்தது. அங்கப்பன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எங்க மச்சான் பண்ணைக்கு முந்தின நாளே ஒருத்தர் வந்து எர்த் பாத்துட்டுப் போனாருங்க. எங்களுக்கு மட்டும் ஏனுங்க வரலே?"

"நாங்க யாரையும் அனுப்பறதில்லீங்களே," என்றார் அரங்கசாமி.

அலுவலகத்துக்குத் திரும்பி கோமளாவிடம் கேட்டார். அவள் முட்டையிலிருந்து தொடங்கிச் சொன்னாள். அவர் நஞ்சுண்டனின் நாற்காலியில் உட்காரப் போய், உட்காராமல் நின்றார்.

"அந்தச் சோதனையை எல்லாத்துலயும் போட்டுருங்க அம்மணி. யாரும் கேக்காமயே அது பாக்கட்டும்."

அடுத்தது தொண்டாமுத்தூர். அதுவும் வெள்ளிக்கிழமை. சூடம் எரியும்போது பிளாப்பி நின்றது. பண்ணைக்காரரின் சொந்தபந்தம் மொத்தமும் அரங்கசாமியைப் பார்த்தது.

"இல்லாததைச் சொல்லுதுங்க," என்று அவர் பையைத் திறந்து துணைக்கோப்புகள் இருந்த பிளாப்பியைத் தேடினார். அது கிடைப்பதற்குள் மணி பத்தரை ஆகிவிட்டது. பன்னிரண்டு வரை எல்லோரும் மோர் குடித்தபடி காத்திருந்தார்கள்.

பிறகு போட்டார்கள். சீட்டு சரியாக வந்தது. கிளம்பும்போது பண்ணைக்காரர் ஓர் அட்டை முட்டையைக் கொடுத்தார். அரங்கசாமி அதைக் கொண்டுவந்து, நஞ்சுண்டனின் மேசைக்கடியில் வைத்தார்.